லோரன்ஸ் வீட்டு இரண்டாம் தளம்

மாத்தளையில் சிறுநீரக முறைவரிசைச் சபை என்று ஒரு சபை இயங்குகிறது. இயங்குகிறது என்பது சபையே தன் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்ட சொல். அதை மறுக்க நமக்கு அதிகாரமில்லை. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆனால் இயந்திரங்களைப் பற்றிச் சபை அதிகம் பேசுவதில்லை. அதன் பெருமையெல்லாம் முறைவரிசையில்தான். யார் எந்த நாளில் எந்தக் கட்டிலில் படுக்கலாம் என்பதைச் சபையின் சேர்வர் சொல்லும். சேர்வர் நம்பர் கொடுத்தால் நோயாளி படுக்கலாம். கொடுக்காவிட்டால், கட்டில் காலியாகக் கிடந்தாலும், நோயாளி வெளியே மர வாங்குப் பலகையில் உட்கார்ந்து கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நாலந்தாவில் பெருந்தெரு ஓரமாக டயர் ஒட்டும் கடை வைத்திருந்த லோரன்ஸ், தன் மனைவி சவரியம்மாவை வாரா வாரம் அங்கே கூட்டிப் போவார். பக்கத்துக் கடையில் மிளகு, கறுவா வாங்கி விற்கும் அன்ஸார் சரக்கேற்ற மாத்தளைக்குப் போகும்போது அவரது வேனில் இடம் கிடைக்கும். இல்லாத நாளில் பஸ். எப்படிப் போனாலும் அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் காதில் விழுவது ஒரே வசனந்தான்.

"சிஸ்டம் விழுந்திருச்சு."

முதல் தடவை அதைக் கேட்ட லோரன்ஸ், தூக்கி நிறுத்த ஆள் வேண்டுமா என்று நல்லெண்ணத்தோடு கேட்டார். தாதி பஸ்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உக்காருங்க அங்கிள், எழும்பினதும் சொல்றேன்" என்றாள். அன்றைக்கு அது எழும்பியபோது வாங்கிலிருந்த ஒரு பெரியவர் எழும்பும் நிலையில் இல்லை.

அந்தப் பெரியவரின் உறவுக்காரர்கள் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. சபையின் பணிப்பாளர் சசிக்குமார் உடனே நடவடிக்கை எடுத்தார். நம்பர் இல்லாமலே கட்டில் கொடுக்கலாமே என்று யாரோ ஒருவர் கூட்டத்தில் சொல்ல, அவர் அந்த ஆளைக் கூட்டத்திலிருந்து எடுத்தார். பிறகு கொழும்பிலிருந்து ஜெனோசன் என்ற இளம் ஆலோசகரை வரவழைத்தார். ஜெனோசன் வந்து, சபைக்குத் தேவைப்படுவது 'உயர் கிடைப்புநிலை' என்று கண்டுபிடித்தான். ஒரு சேர்வர் விழுந்தால் இன்னொன்று அந்த நொடியே எழும்பி வேலையை ஏற்க வேண்டும். அதற்கு இரண்டாவது சேர்வர் வேண்டும். அது வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் இரண்டாம் தளம்.

இரண்டாவது சேர்வர் வந்தது. முதலாவதைவிட விலை கூடியது. அதை முதலாவதன் பக்கத்திலேயே வைத்து, நடுவில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கத்துக்கு 'இரண்டாம் தளம்' என்று பலகை மாட்டினார்கள். இரண்டும் ஒரே பிளக்கில் கரண்ட் குடித்தன. அந்த வருடத்து மழையில் கூரை ஒழுகியது. மழைக்குப் பலகை வாசிக்கத் தெரியாததால் திரைக்கு இரண்டு பக்கமும் சமமாக நனைந்தது. விசாரணைக் குழு கூடி, திரைச்சீலை போதிய கனமில்லை என்று அறிக்கை கொடுத்தது.

பிறகுதான் உண்மையிலேயே வேறு ஊரில் இடம் தேடினார்கள். யாரோ மேலிடத்தில் சொன்னார் என்பதற்காக லக்கலப் பக்கம் ஒரு கட்டடத்தைப் பார்க்கப் பணிப்பாளரும் ஜெனோசனும் போனார்கள். அவர்கள் போவதற்குச் சற்று முன்னால் யானை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. கட்டடத்துக்குப் பின்சுவர் இல்லை. சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியில், லோரன்ஸின் கடை வாசலில் அவர்களுடைய ஜீப்புக்கு டயர் போனது.

இங்கேதான் லோரன்ஸுக்குச் சனி பிடித்தது.

ஒட்டி முடிக்கும்வரை நிழலில் இருங்கள் என்று அவர் தன் வீட்டு முன்னறையைத் திறந்துவிட்டார். அது புதிதாகக் கட்டிய அறை. சவரியம்மா சுத்தமான, காற்றோட்டமான இடத்தில் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காகக் கட்டியது. சுண்ணாம்பு இன்னும் மணத்தது. பணிப்பாளர் அறையின் நடுவில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஜெனோசன், இங்க யானை வருமா?"

"வராது சேர்."

"மழை?"

"ஓடு புதுசு சேர்."

பணிப்பாளர் கண்ணை மூடித் திறந்தார். "லோரன்ஸ், உங்க வீட்டை நாங்க இரண்டாம் தளமா எடுக்கிறோம்."

லோரன்ஸ் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுல ஒரு தளந்தானே சேர். மாடி கட்டலீங்களே."

ஜெனோசன் விளக்கினான். சேர்வர் ஒன்று இங்கே வந்து இருக்கப் போகிறது என்றான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சவரியம்மா எட்டிப் பார்த்து, "எந்த சேர் வர்றாரு? அவருக்குச் சாப்பாடெல்லாம் நாமளா குடுக்கணும்?" என்று கேட்டாள். சாப்பாடு வேண்டாம், குளிர் மட்டும் போதும் என்றான் ஜெனோசன்.

லோரன்ஸ் தயங்கினார். அறை அவளுக்காகக் கட்டியது என்று மெதுவாகச் சொன்னார். அவள் சபையின் நோயாளி என்றும் சொன்னார். பணிப்பாளரின் முகம் கனிந்தது.

"அப்ப இன்னும் நல்லது. யோசிச்சுப் பாருங்க. இனிமே சிஸ்டம் விழாது. உங்க மனைவியோட நம்பர் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கும். ஜனாதிபதி வீட்டுலகூட அந்த வசதி இல்ல."

சவரியம்மாவுக்கு நம்பர் கிடைக்காமல் வாங்கில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த நாட்கள் லோரன்ஸின் கண்முன் வந்தன. அவர் ஒத்துக்கொண்டார்.

பத்து நாள் போவதற்குள் அந்த விலை கூடிய சேர்வர் கறுப்பு அலுமாரி ஒன்றில் வந்து இறங்கியது. கூடவே இரண்டு குளிரூட்டிகள், ஆள் உயர பெட்டரிப் பெட்டி, ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கான டீசல் பாதுகாப்புக் கருதி சபையின் மாத்தளைக் கந்தோரில் பூட்டி வைக்கப்பட்டது. அறைக்கு இரும்புக் கதவு போட்டார்கள். அதன்மேல் 'அனுமதியின்றி உட்பிரவேசித்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்' என்று எழுதினார்கள். அதே கரண்டில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஓடினால் மின்னழுத்தம் ஆடும் என்று அதை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு மின்விசிறியையும். சவரியம்மா கடைக்குப் பின்னால், டயர்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சேர்வர் குளிர்ந்த காற்றில் சொகுசாக இரைந்துகொண்டிருந்தது.

"கருவாடு பொரிக்க வேணாம் ஆன்ட்டி, புகை வாசம் உள்ள போகும்" என்றான் ஜெனோசன். நல்ல பையன்தான். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டான். அவனுடைய திட்டத்தில் ஆட்களே இல்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு சேர்வரும் ஒண்ணுக்கொண்ணு இதயத்துடிப்பு அனுப்பிக்கும் அங்கிள்" என்று அவன் லோரன்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தான். "துடிப்பு நின்னா மத்தது செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஆனா ரெண்டும் வேற வேற மாதிரி சொன்னா யாரை நம்புறது? அதுக்கு மூணாவதா ஒரு சாட்சி வேணும். அதுக்கும் ஒரு மெஷின் இருக்கு. அத வாங்கச் சபை அனுமதிக்கல."

"அப்ப?"

"பணிப்பாளர் உங்கள நியமிச்சிருக்காரு."

வேலை சுலபமானது. மாத்தளையிலிருந்து ஒவ்வொரு நாளும் தொலைபேசி வரும். பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்பார்கள். கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்து, எரிகிறது என்று சொல்ல வேண்டும். லோரன்ஸின் கழுத்தில் 'தள சாட்சி' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர் டயர் ஒட்டினார். லொறிக்காரர்கள் என்ன வழக்கு என்று விசாரித்தார்கள்.

திறப்பு விழா சுபவேளையில் நடந்தது. சேர்வருக்கு மாலை போட்டார்கள். அலுமாரிக்கு முன்னால் குத்துவிளக்கு வைத்து அதிதிகள் ஒவ்வொருவராகத் திரி ஏற்ற, கூரையிலிருந்த புகை உணரி அலறியது. ஒரு கனவான் பயந்து பாற்சோற்றுத் தட்டில் கையை வைத்துவிட்டார். மங்கல காரியத்தில் இப்படி அபசகுனமாகக் கத்துவதா என்று பணிப்பாளர் சினந்து, அந்த உணரியை அங்கேயே கழற்ற வைத்தார். அது பிறகு திரும்ப மாட்டப்படவில்லை. கழற்றிய ஓட்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டு அவர் பேசினார்.

"நோயாளர்கள் வருவார்கள், போவார்கள். அது இயற்கை. ஆனால் முறைவரிசை ஒருபோதும் நிற்கக் கூடாது. பூகம்பம் வந்து மாத்தளை மாவட்டத்தில் ஓர் உயிரும் மிஞ்சாமல் போனாலும், மறுநாள் காலையில் இந்தச் சபை எல்லோருக்கும் நம்பர் கொடுக்கும் என்று நான் உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெளியே கதிரை கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த சவரியம்மா அன்ஸாரிடம், "அப்ப எல்லாரும் போனப்புறம் யாருக்குக் குடுப்பாராம்?" என்று கேட்டாள்.

"அல்லாதான் அறிவான். நீங்க என் வேன்ல போய் உக்காருங்க அக்கா" என்றார் அன்ஸார்.

இரண்டு மாதம் சிஸ்டம் விழவில்லை. சவரியம்மாவுக்கு ஒழுங்காக நம்பர் கிடைத்தது. அறையைக் கொடுத்தது வீண் போகவில்லை என்று லோரன்ஸ் நினைத்தார். இரும்புக் கதவைக்கூட ஒரு நாள் துடைத்துவிட்டார். ஆனால் விழாத சிஸ்டம் பணிப்பாளருக்கு உறுத்தியது. விழுந்தால்தானே எழும்புகிறதா என்று தெரியும்? ஆகவே பேரிடர் வந்ததுபோல் நடத்திப் பார்க்கும் அனர்த்த ஒத்திகை ஒன்று அறிவிக்கப்பட்டது. ஜெனோசன் அதை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றான்.

"ஞாயித்துக்கிழமை வச்சா ஒருத்தரும் பாதிக்கப்பட மாட்டாங்க" என்றார் பணிப்பாளர். "பாதிப்பில்லாத அனர்த்தத்துல நாம என்னத்தப் படிக்கிறது?"

கிளினிக் நாளில், வாங்கு நிறைய ஆட்கள் இருக்கும்போது, மாத்தளைச் சேர்வரை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். இனி நாலந்தாச் சேர்வர் எழும்பி வேலையை ஏற்க வேண்டியதுதான். அதற்கு முன் இது அனர்த்தம் என்று மூன்று உயரதிகாரிகள் மின்னஞ்சலில் பிரகடனம் செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மின்னஞ்சல், நிறுத்தப்பட்ட சேர்வரில் இருந்தது. அந்த மூவரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாயால் சொன்னால் செல்லுமா என்று பார்க்க விதிக்கோவையைத் தேடினார்கள். அதுவும் அதே சேர்வரில்தான் இருந்தது.

சவரியம்மா வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரிப்பு மாற்றிய கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன.

"மிஸ், கட்டில் சும்மாதானே கெடக்குது" என்றார் லோரன்ஸ்.

"தெரியும் அங்கிள்." பஸ்லா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நம்பர் இல்லாம நான் மெஷின் போட்டா என்னைய வேலையால நிப்பாட்டிருவாங்க. எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ள இருக்கு."

லோரன்ஸ் பணிப்பாளருக்கு அழைப்பு எடுத்தார். அவர் உற்சாகமாக இருந்தார்.

"ஒத்திகை பிரமாதமாப் போகுது லோரன்ஸ்! இதுவரைக்கும் ஒருத்தராலயும் சேவை எடுக்க முடியல. இவ்வளவு தத்ரூபமா வரும்னு நாங்களே எதிர்பார்க்கல."

"சேர், என் பெஞ்சாதிக்கு மூச்சு வாங்குது சேர்."

"அதையும் நாங்க குறிச்சுக்கிறோம். அங்க பச்சை எரியுதா?"

"நான் இங்க ஆஸ்பத்திரியில நிக்கிறேன் சேர்."

"தளத்தை விட்டுட்டு வந்துட்டீங்களா?" பணிப்பாளரின் குரலில் முதன்முறையாக உண்மையான கவலை தெரிந்தது.

ஒத்திகையில் கிடைத்த படிப்பினைகள் ஏராளமாக இருந்தபடியால் அது அடுத்த கிளினிக் நாளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதற்குள் சவரியம்மாவின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். திடீரென்று, "என்னைய இங்கயே விட்டுருங்க. அந்த வாங்குல மட்டும் சாக மாட்டேன்" என்றாள். லோரன்ஸ் அன்ஸாரின் கடைக்குள் போய் நின்றார். என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. அன்ஸார் தராசை அப்படியே விட்டுவிட்டு வேனை எடுத்தார்.

பஸ்லா அவளைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு சக்கர நாற்காலியை உதைத்துத் திருப்பி, "உள்ள கொண்டு வாங்க" என்றாள்.

"நம்பர் மிஸ்?"

"கடைசிக் கட்டில் மெஷின்ல ஒரு சத்தம் வருது. டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும். ஆள் இல்லாம டெஸ்ட் பண்ண ஏலாது. அவ்வளவுதான்."

சவரியம்மா பிழைத்தாள். அன்று மாலையே ஒத்திகையும் முடிந்து மாத்தளைச் சேர்வர் மீண்டும் இயங்கத் தொடங்கியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் லோரன்ஸின் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கண்ணாடி இல்லாததால் அன்ஸாரிடம் கொடுத்தார். அன்ஸார் வேனை ஓரமாக நிறுத்தி வாசித்தார்.

"தங்கள் மனைவி சவரியம்மாவின் மறைவையிட்டுச் சபை ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கின்றது. எமது சேவையில் உங்கள் திருப்தியை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடவும்."

பின் ஆசனத்திலிருந்து சவரியம்மா, "யாருங்க செத்தது?" என்று கேட்டாள்.

அடுத்தடுத்து முறை தவறிய நோயாளியைக் காலமானவராகக் கொள்வது சபையின் விதி. வரிசை நகர வேண்டுமல்லவா. ஒத்திகையில் தவறியவர்கள் எல்லோரும் அப்படி ஒரே நேரத்தில் காலமாகியிருந்தார்கள். சிலர் உண்மையாகவே போயிருந்ததால் விதி முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது. மீதிப் பேருக்கு அன்று மாலை அவர்களுடைய சொந்தத் தொலைபேசிக்கே அனுதாபம் வந்தது.

லோரன்ஸ் மனைவியைக் கூட்டிக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனார். உயிரோடு இருப்பதற்கு அவளைவிடப் பெரிய அத்தாட்சி வேறு இல்லை என்று நினைத்தார். ஜெனோசன் அவளைக் கண்டு மெய்யாகவே சந்தோஷப்பட்டான். கதிரையை இழுத்துப் போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி, 'காலமானார்' என்றிருந்ததை அழித்து 'உயிருடன்' என்று போட்டான்.

"அவ்வளவுதான் ஆன்ட்டி."

சவரியம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தண்ணீர்ப் போத்தலை மூடுவதற்குள் எழுத்து மாறியது.

"திரும்பப் போயிட்டேனே தம்பி" என்றாள்.

ஜெனோசன் மறுபடி உயிர் கொடுத்தான். மறுபடி போனாள். மூன்றாவது தடவை அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். இங்கே திருத்தினால் நாலந்தாச் சேர்வர் அதைப் பிழை என்று எண்ணித் தன்னிடமுள்ளதை அனுப்பிச் சரிசெய்துவிடுகிறது. அங்கே போய்த் திருத்தலாமென்றால், இரண்டாம் தளத்தில் மனிதர் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. இரண்டும் முரண்பட்டால் நாலந்தா சொல்வதே செல்லும்.

"அது ஏன் தம்பி?"

"அதுதான் அங்கிள் விலை கூடினது."

பணிப்பாளரின் அறைக்குள் போனார்கள். அவர் எழுந்து நின்று சவரியம்மாவை வரவேற்றார். விசயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் பெருமிதம் படர்ந்தது.

"பார்த்தீங்களா, ஒரு தகவல் எவ்வளவு பத்திரமா இருக்கு! முந்தியெல்லாம் ஒரு கிளார்க் பேனாவால வெட்டிட்டுப் போயிருவான். இப்ப உங்க மரணத்தை எந்தச் சக்தியாலயும் அழிக்க முடியாது."

"எனக்கு அழிக்கணும் சேர்" என்றாள் சவரியம்மா.

"ஒத்திகைக்கு முந்தின பிரதி ஒண்ணு இருக்குங்க சேர்" என்றான் ஜெனோசன். "அத எடுத்துப் போட்டா..."

"போட்டா உண்மையாச் செத்தவங்களும் எழும்பிருவாங்க. அவங்க நம்பருக்கு யார் பதில் சொல்றது? வேணாம். ரெண்டையும் ஒண்ணா நிறுத்தித் திருத்தலாம்தான். நிறுத்தினா கிடைப்புநிலை குறையும். தேசிய விருதுக்கு நம்மள எடுத்திருக்கிற நேரம்."

லோரன்ஸ் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். "சேர், நீங்கதானே என்னைய சாட்சியாப் போட்டீங்க. ரெண்டு மெஷினும் பிழையாச் சொன்னா மூணாவதா நான் சொல்றது செல்லும்னு இந்தத் தம்பி சொன்னாரு. நான் சொல்றேன். இவ உசிரோட இருக்கா. என் பக்கத்துல நிக்கிறா."

பணிப்பாளர் பரிவோடு தலையசைத்தார்.

"உங்க நியமனம் பச்சை விளக்குக்கு மட்டும் லோரன்ஸ். மனுசங்களப் பத்திச் சாட்சி சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்ல. அதோட ரெண்டு மெஷினும் முரண்படல்லயே. ரெண்டும் ஒரே குரல்ல அவங்க இல்லைன்னுதான் சொல்லுது. அப்ப சாட்சிக்கு அவசியமே வராது."

அதன்பின் சவரியம்மாவின் உயிர் பஸ்லாவின் கையில் இருந்தது. கடைசிக் கட்டில் இயந்திரம் வாரா வாரம் பரிசோதிக்கப்பட்டது. ஒருநாள் பஸ்லா லோரன்ஸை ஓரமாக அழைத்தாள். இத்தனை தரம் டெஸ்ட் பண்ணியும் திருந்தாத மெஷின் எதற்கு என்று மேலிடம் கேட்டிருக்கிறது. அதைக் கழற்றிக் கொண்டுபோகப் போகிறார்கள். அடுத்த வாரம் வேறு வழியில்லை.

"நான் என்ன செய்ய அங்கிள்" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது. லோரன்ஸுக்கு அவளைத் தேற்றுவதா தன்னைத் தேற்றுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வெயில். சவரியம்மா டயர்களுக்கு நடுவில் பாயில் சாய்ந்து, பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டாள். சுவருக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. லோரன்ஸ் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றார். அவர் கட்டிய அறை. உள்ளே குளிரில் படுத்துக்கொண்டு ஒன்று அவருடைய மனைவியை இடைவிடாமல் சாகடித்துக்கொண்டிருந்தது. அவர் சுத்தியலும் நெம்புகோலும் எடுத்துவந்து கதவை நெம்பினார். தண்டனைக்குரிய குற்றம் என்ற எழுத்து நடுவில் மடங்கியது. உள்ளே போய், பெட்டரிப் பெட்டியிலிருந்து அலுமாரிக்குப் போன தடித்த வயரை இரண்டு கையாலும் பிடித்து, லொறிச் சில்லைக் கழற்றுவதுபோலக் காலை உதைத்து இழுத்தார். ஒரு கூவல் கேட்டது. பிறகு பச்சை போயிற்று. குளிரூட்டிகள் மட்டும் தம்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"இரண்டாம் தளமா? பச்சை எரியுதா?"

லோரன்ஸுக்குப் பொலிஸ், வழக்கு, மறியல் எல்லாம் நினைவுக்கு வந்தன.

"எரியுது" என்றார்.

"நன்றி" என்று வைத்துவிட்டார்கள்.

மாத்தளையில் யாருக்கும் தெரியவில்லை. ஆபத்து என்றால் அங்கே ஒரு பெரிய திரை சிவப்பாக வேண்டும். சிவப்பு நிறம் அதிதிகளைக் கலவரப்படுத்துகிறது என்று பணிப்பாளர் அதை ஏற்கெனவே பச்சையாக்க வைத்திருந்தார்.

மறுநாள் கடைசி முயற்சியாக லோரன்ஸ் மனைவியோடு ஜெனோசனிடம் போனார். வயரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருதடவை திருத்திப் பாருங்க தம்பி என்று கெஞ்சினார். பயனில்லை என்று சொல்லிக்கொண்டே அவன் திருத்தினான். மூன்று பேரும் திரையைப் பார்த்திருந்தார்கள். தேநீர் வந்தது, குடித்து முடித்தார்கள். சவரியம்மா உயிரோடேயே இருந்தாள்.

"ஆச்சரியமா இருக்கே" என்றான் ஜெனோசன். "சிஸ்டம் தன்னைத்தானே குணப்படுத்திருக்கு!" அன்று மாலைக்குள் மிச்சமிருந்த எல்லோருக்கும் உயிர் கொடுத்துவிட்டு, 'சுயகுணமடைதல்' என்று ஓர் அறிக்கையும் எழுதினான்.

சவரியம்மாவின் கட்டில் முன்னறைக்குப் போனது. அணைந்த அலுமாரியின்மேல் அவள் மருந்துப் போத்தல்களை அடுக்கினாள். கருவாடு பொரித்தாள். மழைக்காலம் வந்து போகும்வரை ஒவ்வொரு நாளும் பச்சை எரியுதா என்று கேட்டார்கள். லோரன்ஸும் எரியுது என்றார். சிஸ்டம் விழவில்லை.

விருது மாத்தளை மண்டபத்தில் வழங்கப்பட்டது. தள சாட்சி என்ற முறையில் லோரன்ஸுக்கு இரண்டாவது வரிசையில் கதிரை. பக்கத்தில் நல்ல சேலை கட்டி சவரியம்மா. பின்வரிசையில் பஸ்லா. கொழும்பிலிருந்து வந்த விருதுக் குழுவினர் மேடையில் இருந்தார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒத்திகைக்குப் பின் ஒரு கணமும் தளராத இரண்டாம் தளத்துக்கே இந்தப் பெருமை! அதன் மாண்பைக் கருதி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வருகிற முதலாம் திகதி மாத்தளைச் சேர்வரை முற்றாக நிறுத்தி, சபை முழுவதையும் நாலந்தாவிலிருந்தே இயக்குவோம்!"

மண்டபம் அதிர்ந்தது. அந்த அலுமாரிக்குள் சவரியம்மா இன்னும் செத்துத்தான் கிடந்தாள். எல்லோரும் கிடந்தார்கள். லோரன்ஸ் எழுந்தார்.

"சேர், அது எரியல்ல."

"என்ன லோரன்ஸ்?"

"ரெண்டாம் தளம். மழைக்காலத்துக்கு முந்தியே அணைஞ்சிருச்சு. நான்தான் வயரைப் பிடுங்கினேன். எரியுதுன்னு சொன்னதெல்லாம் பொய்."

யாரோ இருமினார்கள். விருதுக் குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜெனோசன் நிலத்தைப் பார்த்தான். பணிப்பாளர் மட்டும் அசையவில்லை. ஒரு மூச்சை இழுத்துவிட்டார், பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.

"கேட்டீர்களா கனவான்களே! இரண்டாம் தளம் மாதக்கணக்காக இல்லாமலே போயிருக்கிறது. ஒரு நோயாளராவது பாதிக்கப்பட்டாரா? யாருக்காவது தெரிய வந்ததா? எனக்கே தெரியாது! உலகத்தில் எந்தச் சபை இவ்வளவு பெரிய இழப்பை இவ்வளவு அமைதியாகத் தாங்கியிருக்கிறது? இதுதான் தள மீள்திறன்! மாத்தளையை நிறுத்தும் முடிவை இந்த மேடையிலேயே வாபஸ் வாங்குகிறேன். இதே தரத்தில் பல்லேபொலவில் மூன்றாம் தளமும் அமைப்போம்!"

முதலில் விருதுக் குழுவின் தலைவர் தட்டினார். பிறகு மேடை முழுவதும், பிறகு மண்டபம் முழுவதும். பஸ்லா தட்டவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள், சிரித்தாளா அழுதாளா தெரியாது. சுற்றிவர எல்லோரும் எழுந்து தட்டியதில் லோரன்ஸின் கைகளும் தம்மையறியாமல் மேலே வந்தன.

சவரியம்மா அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பல்லேபொலவுல யாரு வீடுன்னு கேட்டு வைங்க," என்றாள். "நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வருவோம்."